வெள்ளைப்படுவதால் எலும்பு உருகாது

கேள்வி: எனக்கு 18 வயது, ஊர் தேவகோட்டை. காரைக்குடியில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். முன்பு 30 நாளுக்கு ஒருமுறை வந்த மாதவிடாய் இப்போது 34, 38 என்று தள்ளிப்போகிறது. நடுவில் வழவழவென்று வெள்ளைப்படுகிறது. அரிப்போ நாற்றமோ இல்லை. ‘எலும்பு உருகி வருது, அதான் இளைச்சுட்டே’ என்கிறார் அப்பத்தா. உண்மையா?

பதில்: இல்லவே இல்லை, பயப்படாதேம்மா. அது கர்ப்பப்பை வாயிலும் பிறப்புறுப்பிலும் ஊறும் நீர். அங்கே வாழும் நல்ல பாக்டீரியாக்கள் அதை லேசான அமிலமாக வைத்திருப்பதால்தான் கெட்ட கிருமிகள் பெருகுவதில்லை. கறுப்பு உள்ளாடையில் அந்த இடம் மட்டும் வெளுத்துப்போவதும் இந்த அமிலத்தால்தான், அதைப் பார்த்துவிட்டு நோய் வந்துவிட்டதென்று அழுகிற பிள்ளைகள் நிறைய.

முட்டை வெளிவரும் நாட்களில் இந்த நீர் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி இழுபடும். அதிலிருந்து ஏறக்குறைய 14 நாளில் மாதவிடாய் வரும். புது இடம், பரீட்சை, தூக்கக் குறைவு, விடுதிச் சாப்பாடு பிடிக்காமல் அரை வயிற்றோடு எழுந்துவிடுவது, இதெல்லாம் சேர்ந்தால் முட்டை வெளிவருவதே தாமதமாகும், அப்போது இரண்டும் சேர்ந்தே தள்ளிப்போகும். அப்பத்தா சொல்வதைத் திருப்பிப் போட்டுப் பார்: வெள்ளைப்பட்டு நீ இளைக்கவில்லை, இளைத்ததால் மாதவிடாய் தள்ளிப்போயிருக்கலாம். முதலில் ஒழுங்காகச் சாப்பிடு.

உன் வயதில் 21 முதல் 35 நாள் வரை இயல்பு. ஓரிரு முறை 38 ஆனால் பரவாயில்லை. அதுவே தொடர்ந்தாலோ, 90 நாள் வராமலே இருந்தாலோ, முகப்பருவும் தாடையில் முடியும் கூடினாலோ தைராய்டு கோளாறோ, பிசிஓஎஸ் என்கிற ஹார்மோன் கோளாறோ இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

வெள்ளை, தயிர்த் திப்பி மாதிரி அரிப்போடு வந்தால் பூஞ்சைத் தொற்று. சாம்பல் நிறத்தில் மீன் வாடை அடித்தால் பாக்டீரியா தொற்று. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்குக் கேட்காது, அதனால் மெடிக்கலில் நீயாக வாங்கிப் போடாதே. வாசனை திரவம் ஊற்றி உள்ளே கழுவவும் வேண்டாம், நல்ல பாக்டீரியாவும் போய்விடும். வெளியே வெறும் தண்ணீர் போதும். அப்புறம், வளவு முற்றத்தில் வத்தலுக்குக் கிடைக்கிற வெயில் உள்ளாடைக்குக் கிடைப்பதில்லை, பின்கட்டில் ஒளித்து வைத்து அரை ஈரத்தோடு எடுத்து உடுத்துகிறோம். அதையும் வெயிலில் காயப்போடு.

கேள்வி: கல்யாணமாகாத மகளை இதற்காக டாக்டரிடம் காட்டினால் உள்ளே கை வைத்துப் பார்ப்பார்களா? (ஒரு தாய், கானாடுகாத்தான்)

பதில்: பெரும்பாலும் மாட்டார்கள். விவரம் கேட்பார்கள், ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள், ஸ்கேனும் வயிற்றின் மேல்தான். அதற்குச் சிறுநீர் முட்ட இருக்க வேண்டும் என்பதால் தண்ணீர் குடிக்க வைத்து அழைத்துப் போங்கள். கடைசி மூன்று மாதவிடாய்த் தேதிகளை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் அவளிடம் தனியாகப் பேச வேண்டும் என்றால், தயவுசெய்து வெளியே இருங்கள்.