அம்மா போன்ல எதுக்குப்பா அந்த ஆப்?

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். எனக்கு 36 வயசு, விசைப்படகுக்குப் போறேன். போன மீன்பிடித் தடைக்காலத்துல வீட்ல சும்மா உக்காந்திருந்தப்ப ஒண்ணொண்ணா ஆப் எடுத்தேன், கிரிக்கெட்டுக்கு ஒண்ணு, புதுப்படத்துக்கு ரெண்டு, அம்மா சீரியலுக்கு ஒண்ணு, பசங்களுக்கு ஒண்ணு. படத்தோட முதல் பாகம் ஒரு ஆப்ல, ரெண்டாம் பாகம் வேற ஆப்ல. காசு கட்டியும் விளம்பரம். கடலுக்குப் போயிட்டு கரைக்கு வந்தா ‘பணம் எடுக்கப்பட்டது’ன்னு மெசேஜ் நிக்குது. வெறுத்துப்போய் எல்லாத்தையும் நிறுத்திட்டேன். கூட்டாளி ஒருத்தன் டெலிகிராம்ல ஒரு ஆப் அனுப்புனான், எல்லாப் படமும் அதுலயே வருது, டிவில போட்டு குடும்பமா பார்க்குறோம் (என் போன்ல ஜிபே இருக்குறதால அம்மா போன்லதான் ஏத்தி வச்சிருக்கேன், அதுல ஒண்ணும் கிடையாது, தங்கச்சி குவைத்ல இருந்து பேசும், உரிமைத்தொகை மெசேஜ் வரும், அவ்ளோதான்). இப்ப என் வீட்டுக்காரி ‘இது திருட்டு, புள்ளைங்க பார்க்குது’ன்னு சண்டை போட்டு பேச்சையே நிறுத்திட்டா. காசு கட்டுனவனை ஏமாத்துறவனை விட்டுட்டு என்னைத் திருடன்னு சொல்றது நியாயமா? – பெயர் வேண்டாம், தங்கச்சிமடம்.

பதில்: தம்பி, ஆப் புலம்பல் எனக்கு நெறைய வருது, பாதி கடுதாசியில ஊர் பேர மாத்துனா ஒரே கடுதாசிதான். அதனால உன் புலம்பல்ல நியாயம் இருக்குற இடத்தை மொதல்ல சொல்லி முடிச்சிடுறேன், அப்புறம் உன்கிட்ட வர்றேன்.

ஆமா, இந்தக் கம்பெனிக்காரங்க பண்றது அக்கிரமம்தான். 2023லயும் 2024லயும் ஐபிஎல்ல ஜியோசினிமாவுல ஓசியில காட்டி ஊரையே பழக்கிவிட்டாங்க, 2025 பிப்ரவரில அதையும் ஹாட்ஸ்டாரையும் ஒண்ணாக்கி ஜியோஹாட்ஸ்டார்னு பேர் வச்சு, முழுசாப் பார்க்கணும்னா காசு கட்டுன்னாங்க. நெட்ஃப்ளிக்ஸ் 2023 ஜூலைல ஒரு பாஸ்வேர்டை ரெண்டு வீட்ல வச்சுக்குறதை நிறுத்துனான். அவன்கிட்ட 149 ரூபாய்க்கு ஒரு பிளான் இருக்கு, மலிவா இருக்கேன்னு எடுத்தா போன்லயும் டேப்லயும் மட்டும்தான் ஓடும், டிவில ஓடாது, அஞ்சு பேர் ஒரு போனைச் சுத்தி தலையை முட்டிக்கிட்டு உக்காரணும். பிரைம்ல வருஷ சந்தா கட்டுனவங்களுக்கே 2025 ஜூன்ல இருந்து நடுவுல விளம்பரம், அது வேண்டாம்னா மாசம் 129 தனியா எடு. எல்லாம் எனக்கும் தெரியும், எனக்கும் எரிச்சல்தான். ஆனா வெலை கட்டுபடியாகலன்னா ஏலத்துல வாங்காம திரும்பி வர்றது ஒரு விதம், யாரும் பார்க்காத நேரம் கூடையைத் தூக்கிட்டு வர்றது ஒரு விதம், கரையில பொறந்து வளந்த உனக்கு இதை நான் விளக்கணுமா?

சரி, அது போகட்டும். உன் கடுதாசியில எனக்குத் தூக்கம் போன இடம் அது கிடையாது. அடைப்புக்குறி போட்டு எழுதியிருக்க பாரு, அதுதான். ‘என் போன்ல ஜிபே இருக்குறதால அம்மா போன்ல ஏத்தி வச்சிருக்கேன்.’ போற போக்குல எழுதிட்ட, அதையே திருப்பித் திருப்பிப் படிச்சேன். இதுவரைக்கும் உன்னை நீங்கன்னு எழுதலாம்னுதான் இருந்தேன், அதைப் படிச்சப்புறம் மரியாதை வரல, நீன்னே எழுதுறேன், கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கோ.

ஏன்னா அந்த ஆப் ஆபத்துன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரியாம செஞ்சிருந்தா உன் போன்லயே போட்டிருப்ப. உன் காசு பத்திரமா இருக்கணும்னு யோசிச்சிருக்க, யோசிச்சு, அந்த ஆபத்தைத் தூக்கிப் பெத்தவ மடியில வச்சிருக்க. வச்சிட்டு ‘அதுல ஒண்ணும் கிடையாது, அவ்ளோதான்’ங்குற. என்ன அவ்ளோதான்? மாசா மாசம் வர்ற அந்த உரிமைத்தொகை உனக்கு அவ்ளோதான். அவுகளுக்கு அது மாத்திரைக்கு, பேரப்புள்ளை கையில குடுக்க அஞ்சு பத்துக்கு, உன்கிட்ட கை நீட்டாம இருக்குறதுக்கு. கவர்மெண்டோட மீனவ மகளிர் சேமிப்புத் திட்டத்துல 1500 கட்டி 4500 ஆ வாங்குறவுகளா இருந்தா அதுவும் அந்த அக்கவுண்டுக்குத்தான் வரும். பேங்க் ஆப் இல்லன்னா அந்தக் காசுக்குப் பூட்டு இருக்குன்னு நெனச்சுக்கிட்டியா?

கேட்டுக்கோ, எப்படி நடக்குதுன்னு சொல்றேன். ப்ளே ஸ்டோர்ல இல்லாம லிங்க்ல வர்ற ஆப்பை போடும்போது போன் மொதல்ல தடுக்கும், இதை நம்பலாமான்னு கேக்கும், நீ செட்டிங்க்ஸ்குள்ள போயி அனுமதி குடுத்துத்தான் ஏத்தியிருப்ப. அப்புறம் அந்த ஆப் ஒவ்வொண்ணா கேட்டிருக்கும், மெசேஜ் பார்க்கணும், காண்டாக்ட் பார்க்கணும், திரையில இருக்குறதைப் படிக்கணும்னு. படம் காட்டுற ஆப்புக்கு உங்க அம்மா மெசேஜ் எதுக்கு? நீ படம் பார்க்குற அவசரத்துல ‘அலவ்’ ‘அலவ்’னு அமுக்கிட்டுப் போயிருப்ப. அந்த மாதிரி ஆப் எல்லாமே களவாணி ஆப்னு நான் சொல்லல, எது களவாணின்னு பார்த்த உடனே உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, அதுதான் பிரச்னை. மெசேஜைப் படிக்குற அனுமதி ஒருத்தன் கைக்குப் போயிட்டா பேங்க் அனுப்புற ஓடிபி உங்க அம்மாவுக்கு முந்தி அவனுக்குத் தெரியும். அதே போன்ல இருந்து அவுக அனுப்புற மாதிரியே தங்கச்சிக்கும் ஒரு லிங்க் போகும், அம்மாதானே அனுப்பியிருக்காகன்னு அந்தப் புள்ளையும் அமுக்கும்.

இன்னொண்ணு கேக்குறேன். டிவில படம் ஓடுற ரெண்டரை மணி நேரம் உங்க அம்மா போன் எங்க இருக்கும்? டிவி பக்கத்துல. குவைத்ல வேலை முடிஞ்சு ராத்திரி எட்டு மணிக்கு ஒரு புள்ளை அம்மாவைக் கூப்பிட்டா நமக்கு இங்க மணி பத்தரை, நீங்க எல்லாரும் இண்டர்வெல் தாண்டி உக்காந்திருக்குற நேரம். அந்தக் கால் என்ன ஆகுது? கட் பண்ணி விடுறியா, இல்ல ‘அம்மா படுத்துட்டாக, நாளைக்குப் பேசு’ன்னு சொல்றியா? அம்மா போனுக்கு ரீசார்ஜ் யாரு காசு, உன் காசா, தங்கச்சி அனுப்புறதா, கருவாடு வித்ததா, அதை நீ எழுதல. அவுக டேட்டாவுலதானே படம் இறங்குது, ஒரு நாளைக்குள்ள ஒன்றரை ஜிபியை ஒரே படம் தின்னுரும், அப்புறம் தங்கச்சி வீடியோல வந்தா அம்மா மூஞ்சி பாதி கட்டம் கட்டமா நிக்கும். உங்க அம்மா இதுக்கு ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாக. நம்ம கரையில இந்த வயசு பொம்பளைகளை எனக்குத் தெரியும். வெயில்ல பாய் விரிச்சு நெத்திலி காயப் போட்டுட்டு, போன் அடிச்சா உப்புக் கையை முந்தானையில துடைச்சுத் துடைச்சு, பிளாஸ்டிக் கவருக்குள்ள இருக்குற போனை வெளிய எடுக்காம கவரோடயே அமுக்கிப் பேசுவாக, அவ்வளவு பதனமா வச்சிருப்பாக. மகன் ‘குடும்மா’ன்னா எதுக்குன்னு கேக்காம குடுத்துருவாக. கேக்காம குடுக்குறவுககிட்டதான் நாம ரொம்ப யோசிச்சு வாங்கணும். நீ யோசிச்சதெல்லாம் உன் ஜிபேயை.

நீ கேட்ட கேள்விக்கு வர்றேன், உன்னைத் திருடன்னு சொல்றது நியாயமா? படத்தைத் திருட்டுத்தனமாப் பார்க்குறது தப்புதான், இதுல வளைச்சு நெளிச்சுப் பேச எனக்கு வராது. திருட்டு விசிடி காலத்துலயே, 2004ல, நம்ம கவர்மெண்ட் வீடியோ திருடறவனைக் குண்டர் சட்டத்துல சேர்த்துச்சு, 2023ல மத்திய சட்டத்தைத் திருத்தி தியேட்டர்ல படத்தைப் புடிச்சு வெளியிடறவனுக்குக் குறைஞ்சது மூணு மாசத்துல இருந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில்னு வச்சாங்க. அதெல்லாம் படத்தைக் காப்பி அடிச்சு ஊருக்கு விடறவனைக் குறி வச்சது, உன் வீட்டுக் கதவை போலீஸ் வந்து தட்டும்னு பூச்சாண்டி காட்ட மாட்டேன். ஆனா உன் வீட்டுக்காரி போலீஸுக்குப் பயந்தா சண்டை போடுறா? புள்ளைங்க பார்க்குதுன்னு சொல்றா. அவ சொன்னது சரி. நான் அவ பக்கம். நீ காசு கட்டி ஏமாந்தது நிஜம், அதுக்குக் கோவப்பட்டு நிறுத்துனதும் சரி, அங்கயே நின்னிருந்தா உன் கடுதாசிக்கு நான் கைதட்டியிருப்பேன்.

உன் மகன் என்ன படிச்சிருப்பான்னு நெனச்சியா? ஓசியில படம் பார்க்கலாம்ங்குறது சின்னப் பாடம், அது வெளியில எவன்கிட்டயும் கத்துக்குவான். ஆபத்தான சோலியை அப்பத்தா தலையில வைக்கலாம்ங்குறதை வீட்லதான் கத்துக்குவான். நாளைக்கு அவன் உன் போனைக் கேப்பான் பாரு.

இப்ப செய்ய வேண்டியது. கடலுக்குப் போறதுக்கு முந்தி செய், வந்து பார்த்துக்கலாம்னு வைக்காத. அம்மா போன்ல நெட்டை ஆஃப் பண்ணு. அந்த ஆப்பைத் தூக்கு. தூக்க விடாம அடம் பிடிச்சா செட்டிங்க்ஸ்ல ‘அக்சசிபிலிட்டி’ங்குற இடத்துலயும் ‘டிவைஸ் அட்மின்’ங்குற இடத்துலயும் அதுக்கு அனுமதி இருக்கான்னு பார்த்து எடுத்துட்டு அப்புறம் தூக்கு. அதோட விடாத, பேரப்புள்ளைங்க போட்டோவையும் நம்பரையும் வேற இடத்துல ஏத்தி வச்சிட்டு போனை மொத்தமா ரீசெட் அடிச்சிரு, உனக்கு வராதுன்னா நம்பிக்கையான மொபைல் கடையில நீ பக்கத்துலயே நின்னு செய்யச் சொல்லு. மறுநாள் அம்மாவைக் கூட்டிக்கிட்டு பேங்குக்குப் போ, பாஸ்புக்கை என்ட்ரி போடு, அவுகளுக்குத் தெரியாம எதாவது போயிருக்கான்னு வரி வரியாப் பாரு, கார்டு இருந்தா பின் மாத்து. காசு போயிருந்துச்சுன்னா அங்க நின்னுக்கிட்டே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு அடி, எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறியோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை நடுவுல நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. வெக்கப்பட்டுக்கிட்டு ‘யார்கிட்டயும் சொல்லாதம்மா’ன்னு அவுகளை அமுக்கி வச்சின்னா, அப்புறம் இந்தப் பக்கம் கடுதாசி போடாத.

ஆப் விஷயத்துக்கு வழி ஒண்ணு சொல்றேன், பெரிய ரகசியம் எதுவும் இல்ல. ஒரு நேரத்துல ஒரு ஆப்தான் வீட்ல. மாச பிளான், வருஷ பிளான் எடுக்காத, நமக்கு வருமானம் வருஷம் பூரா ஒரே மாதிரியா வருது? ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் படகு கட்டிக் கிடக்கும், நீ வீட்ல இருக்குற நேரம் அதுதான், அப்ப வேணும்னா ரெண்டாவது ஒண்ணு எடுத்துக்கோ, ஜூன் மாசம் படகு இறங்குறதுக்கு முந்தி வெட்டிரு. ஆட்டோபேவை உன் ஜிபேக்குள்ளயே போயி ரத்து பண்ணலாம், ஆப்பை அழிச்சா சந்தா நிக்காது, நெறைய பேர் இதுலதான் ஏமாறுறாங்க. பணம் எடுக்குறதுக்கு ஒரு நாள் முந்தியே மெசேஜ் வரணும்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு, நீ கடல்ல இருக்கும்போது வந்தா எப்படிப் பார்ப்ப, அதனால அந்தக் கணக்கு வழக்கை உன் வீட்டுக்காரி கையில குடு. அவ பார்த்துக்குவா, உன்னைவிட நல்லாப் பார்த்துக்குவா. முதல் பாகம் ஒருத்தன்கிட்ட ரெண்டாம் பாகம் இன்னொருத்தன்கிட்டயா, அடுத்த மாசம் அந்த ஆப் எடுக்கும்போது பார்த்தா குடியா முழுகிடும்? நெறைய தமிழ்ப்படம் தியேட்டர்ல வந்து சில வாரத்துலயே ஓடிடிக்கு வந்துருது, பழைய படம் யூடியூப்ல உரிமை வச்சிருக்குறவங்களே முழுசா ஏத்தி வச்சிருக்காங்க. அம்மா சீரியலுக்கு எதுக்கு ஆப், கேபிள்ல அந்த நேரத்துக்கு ரிமோட்டை அவுக கையில குடுத்துட்டு நீ எந்திரிச்சு வெளிய போ.

வீட்டுக்காரி பேசலன்னு எழுதியிருக்க. ஆப் அம்மா போன்ல ஏன் இருக்குன்னு அவளுக்குத் தெரியுமா? தெரியாதுன்னுதான் நெனக்கிறேன், தெரிஞ்சிருந்தா பேச்சை நிறுத்துறதோட விட்டிருக்க மாட்டா. நீயே சொல்லிரு, பாஸ்புக் என்ட்ரி போட்டு அவ பார்த்துத் தெரிஞ்சுக்குற வரைக்கும் வைக்காத. அதுக்கு முந்தி அம்மாகிட்ட சொல்லு, உங்க போன்ல இன்னதைப் போட்டேன், இன்னதுக்காக உங்க போன்ல போட்டேன்னு. அவுக ‘அதுக்கென்னப்பா’ம்பாக. ‘அதுக்கென்னப்பா’ன்னு சொன்னதும் தப்பிச்சோம்னு எந்திரிச்சுப் போயிராத. பாஸ்புக்குல ஒரு ரூபாய் குறைஞ்சிருந்தாலும் 1930ல இருந்து திரும்பி வருமா வராதான்னு பார்த்துக்கிட்டு இருக்காம, அடுத்த வாட்டி கரைக்கு வந்து பங்கு பிரிக்கும்போது உன் பங்குல இருந்து மொதல்ல அதைப் போடு. தங்கச்சிக்கு ஒரு போன் போட்டு, அம்மா நம்பர்ல இருந்து எந்த லிங்க் வந்தாலும் தொடாதன்னு இன்னைக்கே சொல்லிரு, அதை உன் போன்ல இருந்து பேசு.