குளத்தில் மீன் வாழ்ந்த தண்ணீர் ஏரி மீனைக் கொல்லுமா?

கேள்வி: ஓடைக்கரையில் ஒரு ஏக்கர் அளவில் மூன்று குளங்கள் வெட்டிக் கெண்டை வளர்க்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை குளத்தை முழுக்க வடித்துத்தான் மீன் பிடிப்பேன். வடிகிற தண்ணீர் ஓடை வழியாக இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஏரிக்குப் போகிறது. இந்த முறை மூன்றாவது குளத்தை வடித்த மறுநாள் விடியற்காலை, ஓடை ஏரியில் விழும் இடத்தில் மீன்கள் செத்து மிதந்தன. ஏரியில் வலை போட்டுப் பிழைக்கிறவர்கள் என் வாசலுக்கே வந்துவிட்டார்கள். கடைசி நிமிடம் வரை என் மீன் அதே தண்ணீரில் உயிரோடு துள்ளியது. அது எப்படி அவர்கள் மீனைக் கொல்லும்? மீன் கழிவு எருதானே? இப்போது தெளியவைக்கும் குட்டை கட்டாமல் தண்ணீர் விடக்கூடாது என்று உத்தரவு வரப்போகிறதாம். அதற்கு என்னிடம் இடம் ஏது?

பதில்: உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் 'அதே தண்ணீர்' என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

வடிக்கிற அன்று மதகடியில் நின்றிருப்பீர்கள். நினைத்துப் பாருங்கள். முதலில் வருவது வெளிர்பச்சைத் தண்ணீர். மட்டம் முழங்காலுக்கு இறங்கும்வரை பெரிதாக எதுவும் மாறாது. அப்புறம் மீன்கள் மதகுக் குழியில் நெருக்கியடித்துத் துள்ளும். ஆட்கள் வலையோடு இறங்கி மிதிப்பார்கள். குழாய் வாயில் நிறம் மாறும்: சாம்பல், பிறகு கருப்பு. அழுகிய முட்டை நாற்றம் வரும். அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. மீன் வாழ்ந்தது முதலில் போன தண்ணீரில். ஏரியைச் சங்கடப்படுத்தியது கடைசியில் போன தண்ணீர்.

அடியில் கிடக்கும் கருஞ்சேறு வருடம் முழுக்க ஆக்ஸிஜன் எட்டாமல் கிடந்தது. கலங்கி ஓடையில் விழுந்ததும், தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனை உறிஞ்சத் தொடங்கிவிடும். தண்ணீரிலும் அது ஏராளமாக இல்லை. 30 டிகிரி வெப்பத்தில் நன்னீரில் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம்தான் கரைந்து நிற்கும். அது 3-க்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் திணறும். இரவில் பாசியும் ஆக்ஸிஜனை உற்பத்தி செய்யாது, சுவாசிக்க மட்டுமே செய்யும். அதனால் ஒரு நாளில் ஆக்ஸிஜன் மிகக் குறைவது விடிகிற நேரத்தில். ஏரியில் மீன் மிதந்ததும் அந்த நேரத்தில்தான்.

இதை வைத்து எல்லாப் பழியையும் உங்கள் தலையில் கட்டிவிட முடியாது. செத்த மீன்களைப் பார்த்தவர்களிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். பெரிய மீன்கள் அதிகமாகவும் சிறியவை குறைவாகவும் செத்தனவா? சாவதற்கு முன் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினவா? ஆம் என்றால் ஆக்ஸிஜன் பற்றாக்குறை என்று எடுத்துக்கொள்ளலாம். பெரிது சிறிது என்றில்லாமல் ஒரே நேரத்தில் செத்திருந்தாலோ, கூடவே இறாலும் நீர்ப்பூச்சிகளும் ஒதுங்கியிருந்தாலோ பூச்சிமருந்தைச் சந்தேகிக்க வேண்டும். ஓடைக்கு மேலே வயல் வைத்திருப்பவர்கள் அந்த வாரம் என்ன தெளித்தார்கள் என்று விசாரிக்க வேண்டியது அப்போதுதான். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்கு முதலாவதுதான் தோன்றுகிறது.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் கிளாட் பாய்ட் என்ற ஆய்வாளர் மீன் குளத்துத் தண்ணீரையே பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர். கெளுத்திக் குளங்களை வடிக்கும்போது அவரும் உடன் வேலை செய்தவர்களும் கட்டம் கட்டமாகத் தண்ணீர் எடுத்து அளந்தார்கள். முதலில் போகிற பெரும்பகுதி ஏறக்குறைய குளத்துத் தண்ணீர் போலவே இருந்தது. சேறும் பாஸ்பரஸும் ஆக்ஸிஜனைத் தின்னும் கழிவும் கடைசி ஐந்தில் ஒரு பங்கில்தான் மிக அடர்த்தியாக இருந்தன. உங்களுக்கு நல்ல செய்தி இதில்தான் இருக்கிறது. முழுத் தண்ணீரையும் சுத்தப்படுத்த வேண்டியதில்லை, அந்தக் கடைசிப் பங்கைப் பிடித்து நிறுத்தினால் பெரும்பகுதி வேலை முடிந்தது.

அதற்குத் தனிக் குட்டை கட்டாயமில்லை. குளமே குட்டையாகட்டும். ஐந்தில் நான்கு பங்கை மெதுவாக வடியுங்கள். மதகு அடியிலிருந்து திறப்பதாக இருந்தால் பலகை வைத்து மேல்தண்ணீர் மட்டும் வழியும்படி மாற்றுங்கள். பிறகு மதகை மூடிவிட்டு, மிச்சத் தண்ணீரில் வலை இழுத்து மீனைப் பிடியுங்கள். ஆட்கள் மிதித்துக் கலக்கியதெல்லாம் உள்ளேயே நிற்கும். இரண்டு மூன்று நாள் விட்டால் சேறு படிந்துவிடும். அதன்பின் மேலே தெளிந்ததை மட்டும், பலகையை ஒவ்வொன்றாக எடுத்து விடுங்கள். அடுத்த குளம் காலியாக இருந்தால் அங்கே இறைத்துவிடுவது இன்னும் நல்லது. உங்களிடம்தான் மூன்று இருக்கின்றனவே! மூன்றையும் ஒரே வாரத்தில் வடிக்கிற பழக்கத்தை விட்டால், ஒன்றின் தண்ணீர் மற்றொன்றின் முதல் நீராகும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பண்ணையில் அவசரத்துக்கு மதகை முழுசாகத் தூக்கிவிட்டேன். அரை மணியில் மீன் கைக்கு வந்தது. கீழே வாய்க்காலில் நண்டுகள் கரையேறி வரிசையாக உட்கார்ந்திருந்தன. தண்ணீரை விட்டு வெளியே வந்துதான் மூச்சுவிட முடிந்தது அவற்றுக்கு. அன்று யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை, கேட்டிருக்கலாம்.

இனி 'எருதானே' என்ற கேள்வி. எருதான், அதில்தான் இரண்டாவது தொல்லையே. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டன் மீனுக்கு ஒன்றரை டன் தீவனம் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 28 சதவீதம் புரதம் இருந்தால் நைட்ரஜன் சுமார் 67 கிலோ. பாஸ்பரஸ் ஒரு சதவீதம் என்றால் 15 கிலோ. அறுவடையாகும் மீனின் உடம்பில் போவது தோராயமாக 25 கிலோ நைட்ரஜனும் 7 கிலோ பாஸ்பரஸும். மிச்சம் 40 கிலோ நைட்ரஜனும் 8 கிலோ பாஸ்பரஸும் குளத்திலேயே தங்குகின்றன. நைட்ரஜனில் ஒரு பகுதி காற்றோடு போய்விடும். பாஸ்பரஸுக்கு அந்த வழி இல்லை. சேற்றில் ஒட்டிக்கொண்டு, மதகு திறக்கும் நாளுக்காகக் காத்திருக்கும்.

ஏரிக்குப் போனால் அது என்ன செய்யும் என்பதைக் கனடாவின் ஒன்டாரியோவில் 1973-ல் செய்து காட்டினார்கள். மணற்கடிகாரம் போல இடுப்பு ஒடுங்கிய ஒரு சிறு ஏரி, பெயர்கூட இல்லை, 226 என்று எண் மட்டும்தான். டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் அந்த இடுப்பில் பிளாஸ்டிக் திரையைக் கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கூடவே பாஸ்பரஸ். சில வாரங்களில் அந்தப் பாதி பாசி பூத்துப் பச்சையானது, மறுபாதி முன்புபோலவே கிடந்தது. மேலிருந்து எடுத்த அந்தப் புகைப்படம் பக்கம் பக்கமாக எழுதிய அறிக்கைகளைவிட அதிகம் சாதித்தது. சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் குறைக்கும் சட்டங்களுக்கு அது வலு சேர்த்தது.

ஆகவே உங்கள் தண்ணீரின் கெடுதல் இரண்டு வேகத்தில் வேலை செய்கிறது. ஒன்று மறுநாளே மீனைக் கொல்கிறது. மற்றொன்று பல வாரம் கழித்துப் பாசியாக எழும், அந்தப் பாசி அழுகும்போது மறுபடி ஆக்ஸிஜன் போகும். அப்போது உங்கள் வாசலுக்கு யாரும் வரமாட்டார்கள், காரணம் தெரிந்திருக்காது. மூன்று நாள் நிறுத்தி விடுவது முதலாவதற்கு மருந்து. இரண்டாவதற்குத் தீவனத்தைப் பார்க்க வேண்டும். மீன் அரை மணி நேரத்துக்குள் தின்று முடிக்காத தீவனம் எதுவும் உங்களுக்கும் நஷ்டம், ஏரிக்கும் நஷ்டம். காய்ந்த குளத்துச் சேற்றை அள்ளி வயலில் போடுங்கள், அங்கே நீங்கள் சொன்னபடி அது எருவேதான். கரையில் குவித்துவிட்டுப் போகாதீர்கள், முதல் மழையில் திரும்ப ஓடைக்கு வந்துவிடும்.

நோய்க்கு மருந்து போட்டிருந்தால் இந்த யோசனையெல்லாம் அப்படியே பொருந்தாது. மருந்துச் சீட்டில் சொன்ன நாள் கழியும்வரை ஒரு சொட்டுகூட வெளியே விடாதீர்கள்.

உத்தரவு விஷயத்துக்கு வருகிறேன். விதியே கூடாது என்று வாதாடப் போகாதீர்கள். எந்த மாதிரி விதி என்று பேசப் போங்கள். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராமுக்கு மேல் சேறு இருக்கக்கூடாது என்று மட்டும் எழுதினால், ஓடைத் தண்ணீரைக் கலந்து நீர்க்கச் செய்து தப்பிப்பவர்கள் இருப்பார்கள், ஏரிக்குப் போகும் மொத்தச் சேறு ஒரு கிலோகூடக் குறையாது. எல்லோரும் குட்டை கட்டு என்றால் உங்களைப் போல இடமில்லாதவர்கள் தொழிலை விடுவார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2004-ல் மீன் பண்ணைகளுக்கு விதி வகுத்தபோது, தொடர்ந்து நீர் ஓடும் தொட்டிகளையும் வலைக்கூண்டுகளையும்தான் பெரிதாகப் பிடித்தது. தேங்கு குளங்களை அந்த விதிக்குள் கொண்டுவரவில்லை. அங்கும் எண்ணளவு வரம்பைவிட, தீவனத்தையும் கழிவையும் எப்படிக் கையாள வேண்டும் என்ற நடைமுறைகளைத்தான் கேட்டது. உங்கள் அதிகாரிகளிடம் 'கடைசி ஐந்தில் ஒரு பங்கை மூன்று நாள் நிறுத்துகிறோம், வடிக்கும் தேதியை முன்கூட்டிச் சொல்கிறோம், மீன் ஓடையில் ஏறி முட்டையிடும் பருவத்திலும் ஓடை வற்றிய மாதங்களிலும் மதகைத் திறப்பதில்லை' என்று எழுதிக் கொடுங்கள். என் கணக்கில் இது குட்டையைவிட ஏரிக்கு அதிகம் உதவும்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. மதகில் வலைத்தடுப்பு உண்டா? கண்ணி உங்கள் மிகச்சிறிய மீனைவிடச் சிறியதா? வெளியூர் இன மீன் தப்பிப்போவது சேற்றைவிடப் பெரிய தவறு. சேறு கரைந்துவிடும், மீன் பெருகிவிடும். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1950-களில் விட்ட நைல் பெர்ச், 1980-களில் பெருகியபோது அந்த ஏரிக்கே உரிய நூற்றுக்கணக்கான சிறு மீன் இனங்கள் காணாமல் போயின. அதைத் திருப்பி எடுக்க இன்றுவரை வழியில்லை. ஆகவே இரட்டைத் தடுப்பு போடுங்கள், ஒன்று அடைத்துக்கொண்டால் தூக்கிச் சுத்தம் செய்யும்போது மற்றது நிற்கும்.

வாசலுக்கு வந்தவர்களை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அடுத்த முறை வடிக்கும்போது அவர்களில் ஒருவரை வரச் சொல்லுங்கள். ஆறு கண்ணாடி பாட்டில்களைக் கையில் கொடுத்து, தண்ணீர் போகப் போக மதகு வாயில் அவரையே ஒவ்வொன்றாகப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் ஆடாமல் வைத்து, அடியில் எத்தனை விரல் சேறு நிற்கிறது என்று இருவரும் பாருங்கள். மூன்று நாள் கழித்து மீதியை விடும்போது ஏழாவது பாட்டில். தேதி எழுதி அவற்றைப் பத்திரமாக வையுங்கள், உத்தரவைப் பற்றிப் பேசப் போகும்போது கையோடு கொண்டு போகலாம்.