பழைய எஞ்சின் கேள்வி-பதில்: அளந்த பிறகு எழுதுங்கள்

வயல் ஷெட்டில் தாத்தா காலத்து லிஸ்டர் வகை டீசல் எஞ்சின், 6 குதிரைத்திறன். இருபது வருஷமாக ஓடவில்லை, ஃப்ளைவீல் அசையவே இல்லை. டிராக்டரில் கயிறு கட்டி இழுக்கலாமா? (அம்பாசமுத்திரம்)

கூடாது. எது பிடித்திருக்கிறது என்று தெரியாமல் இழுத்தால் புஷ் ராடு வளையும், இல்லையென்றால் கனெக்டிங் ராடு போகும். முதலில் ராக்கர் கவரைத் திறந்து வால்வு இரண்டும் அழுத்தினால் இறங்குகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் எக்ஸாஸ்ட் வால்வுதான் கைடில் துருப்பிடித்து நிற்கும். வால்வு சரியென்றால் பிடித்திருப்பது பிஸ்டன்தான். இன்ஜெக்டரைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) அசிட்டோனும் சரிபாதியாக 200 மில்லி ஊற்றுங்கள். இரண்டும் தனித்தனியாகப் பிரியக்கூடியவை, ஊற்றுமுன் குலுக்க வேண்டும். ஒரு வாரம் அப்படியே விடுங்கள். தினமும் ஃப்ளைவீலை இரு கையாலும் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையில் வேப்பங்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டுங்கள். இரும்புச் சுத்தியல் நேராகப் பிஸ்டனில் படவே கூடாது.

அசைந்த உற்சாகத்தில் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றிவிடாதீர்கள். மேலே நிற்கும் எண்ணெயை முழுக்க எடுக்க வேண்டும். திரவம் அமுங்காது, ராடுதான் வளையும். பிறகு கிராங்க்கேஸ் கதவைத் திறந்து உள்சுவரை விரலால் தடவுங்கள். குஜராத்தின் ராஜ்கோட்டில் வார்த்த எஞ்சினாக இருந்தால் வார்ப்பு மணல் பெயின்ட்டுக்கு அடியில் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கும். இந்த எஞ்சினில் ஆயிலை வாரி இறைப்பது பிக் எண்டில் (கனெக்டிங் ராடின் அடிமுனை) உள்ள கரண்டிதான். அது மணலையும் சேர்த்தே பேரிங்குக்குள் இறைக்கும். பட்டித் தகட்டால் சுரண்டி, டீசலில் மூன்று தடவை கழுவி, புது ஆயில் ஊற்றுங்கள்.

ஓட்டுமுன் இன்னும் ஒன்று: டீசல் பம்ப்பின் ராக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) விரலால் தள்ளினால் தடையில்லாமல் நகர வேண்டும். ராக் திறந்தபடி சிக்கினால் எஞ்சின் வேகம் கூடிக்கொண்டே போகும், நிற்காது. நிமிடத்துக்கு 650 சுற்றுக்குச் செய்த ஃப்ளைவீல் அது. காற்று வாயை அடைக்க ஒரு பலகை பக்கத்தில் இருக்கட்டும், கையை வைக்காதீர்கள். ஹேண்டில் பிடிக்கும்போது கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும். சுற்றிப் பிடித்தால், எஞ்சின் எதிர்த்து அடிக்கும்போது விரல் முறியும்.

அதே மாதிரி எஞ்சின்தான். லோடு இல்லாதபோது டங் டங் என்று சத்தம், லோடு கொடுத்தால் குறைகிறது. பேரிங் மாற்றச் சொல்கிறார்கள். (பணகுடி)

பேரிங்கைத் தொடாதீர்கள். ஃப்ளைவீலை ஷாஃப்டோடு இறுக்கும் ஆப்பான ஜிப் கீ தளர்ந்திருக்கும். கீயின் தலையில் ஒரு விரலும் ஷாஃப்டில் ஒரு விரலும் வைத்து, வேறொருவரை ஃப்ளைவீலை ஆட்டச் சொன்னால் ஆட்டம் விரலிலேயே தெரியும். கீயில் நீலச்சாயம் தடவிப் போட்டு எடுத்து, மேலும் கீழும் முழு நீளமும் படியும்வரை அரம் போட்டு உட்கார வைக்க வேண்டும். தகரத் துண்டு சொருகி இறுக்கினால் ஹப்பில் விரிசல் விழும்.

டூ-ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயில் எத்தனை மில்லி? (மேலப்பாளையம்)

ஜாவா, யெஸ்டி பைக்குக்கு லிட்டர் பெட்ரோலுக்கு 40. புது ரிங் போட்டிருந்தால் முதல் 500 கிலோமீட்டருக்கு 50.

எஞ்சின் ஓட மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்? (ஊர் இல்லை, எஞ்சின் பெயரும் இல்லை)

என்ன எஞ்சின்? ப்ளக்கைக் கழற்றி ஹெட்டில் வைத்து உதைத்தால் பொறி வருகிறதா? ப்ளக் நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா? ஓட்டையில் விரலை வைத்தால் தள்ளுகிறதா? பாயின்ட் கேப் (பொறியைத் தூண்டும் கான்டாக்ட் பாயின்ட்டின் இடைவெளி) எவ்வளவு? 0.4 மில்லிமீட்டர் என்று ஃபீலர் கேஜில் பார்த்தீர்களா, கண்ணால் பார்த்தீர்களா? இந்த ஐந்துக்கும் விடை எழுதினால் பதில் கிடைக்கும். அளந்த பிறகு எழுதுங்கள்.

பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடும் பழைய பம்ப்செட். பிசான நெல்லுக்கு இறைத்து முடித்தும் ஆயில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை, கொஞ்சம் ஏறியே இருக்கிறது. நல்ல எஞ்சின்தானே? (இராதாபுரம்)

நல்ல எஞ்சினாக இருந்தது, இப்போது ஆபத்தில் இருக்கிறது. ஆயில் தானாக ஏறாது. எரியாத மண்ணெண்ணெய் ரிங் வழியாகச் சம்ப்பில் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) இறங்கியிருக்கிறது. டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், விரலில் தேய்த்துப் பாருங்கள், தண்ணீர் மாதிரி ஓடும். இன்றே மாற்றுங்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெயைத் திறப்பதுதான் காரணம். பெட்ரோலில் ஐந்து நிமிடமாவது ஓடி, சிலிண்டர் சூடேறிய பிறகே மாற்ற வேண்டும். நிறுத்துமுன் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பி, கார்புரேட்டர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் இல்லாமல் செய்துவிட்டு அணையுங்கள். ஆயிலை 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

யெஸ்டி ரோட்கிங் சத்தம் போடுகிறது என்று லேத் பட்டறையில் கொடுத்தேன். சிலிண்டரை 0.75 மில்லிமீட்டர் பெரிதாக்கி, போர் பண்ணித் தந்துவிட்டார்கள். இப்போது அந்த அளவு பிஸ்டன் கிடைக்கவில்லை. (கல்லிடைக்குறிச்சி)

மாதம் தவறாமல் இப்படி ஒரு கடிதம் வருகிறது, படிக்கும்போதெல்லாம் வேதனையாக இருக்கிறது. மைசூரில் 1996-க்குப் பிறகு இந்த வண்டி தயாராகவில்லை. அந்த சிலிண்டருக்கு 0.25, 0.50, 0.75, 1.00 என்று நான்கே உயிர். நீங்கள் ஒரே நாளில் மூன்றைச் செலவழித்திருக்கிறீர்கள், அதுவும் அளக்காமல்.

போரில்தான் சத்தம் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தட்டி, சூடானதும் அடங்கினால் பிஸ்டன் சத்தம். சூட்டிலும் அப்படியே இருந்தால் கனெக்டிங் ராடின் மேல்முனையில் உள்ள ஸ்மால் எண்ட் புஷ்ஷைப் பாருங்கள். அது சில நூறு ரூபாய் வேலை. போர் தேய்ந்ததா என்று தெரிய போர் கேஜ் வேண்டும். மேலே, நடுவே, கீழே என மூன்று மட்டத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக, மொத்தம் ஆறு அளவு எடுத்துக் காகிதத்தில் எழுதுங்கள். பெரிய அளவுக்கும் சிறிய அளவுக்கும் வித்தியாசம் 0.10 மில்லிமீட்டருக்குள் இருந்தால், கோடு விழாமலும் இருந்தால், ஹோனிங் (சிலிண்டர் சுவரை லேசாக உரசுவது) போட்டுப் புது ரிங் போதும். பொழுதுபோக்குக்கு ஓட்டும் வண்டிக்கு அது பல வருஷம் வரும். ரிங் கேப் (ரிங்கின் இரு முனைக்கும் நடுவே உள்ள இடைவெளி) 65 மில்லிமீட்டர் போருக்கு 0.25 அளவில் இருக்க வேண்டும். பிஸ்டனால் ரிங்கை நேராகத் தள்ளிவிட்டு, தேயாத இடத்தில் அளக்க வேண்டும்.

போர் பண்ணியே ஆக வேண்டும் என்றால் முதலில் பிஸ்டனை வாங்குங்கள். கையில் பிஸ்டன் இல்லாமல் சிலிண்டரை பட்டறைக்குள் கொண்டுபோகாதீர்கள். பெட்டியில் எழுதிய அளவை நம்பாமல், பிஸ்டனின் கீழ்ப்பகுதியான ஸ்கர்ட்டை மைக்ரோமீட்டரில் அளந்து, 0.06 முதல் 0.08 மில்லிமீட்டர் வரை இடைவெளி விட்டு வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய பிறகு சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட் துளைகளின் விளிம்புகளைக் கட்டாயம் மழுக்க வேண்டும். பல பட்டறைகள் நான்கு ஸ்ட்ரோக் பழக்கத்தில் இதை விட்டுவிடுகின்றன. கத்தி மாதிரி நிற்கும் விளிம்பில் ரிங் மாட்டி, முதல் நாளே உடையும். கடைசியாக, பெட்ரோலில் கழுவினால் ஹோனிங் பொடி போகாது. துணி சோப்பும் சுடுநீரும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளை வேட்டித் துணியால் துடையுங்கள். துணி வெள்ளையாகவே வரும்வரை தேய்க்க வேண்டும். உடனே ஆயில் தடவாவிட்டால் அரை மணியில் துரு ஏறும்.

உங்களுக்கு இனி இரண்டு வழி. 1.00 பிஸ்டன் கிடைத்தால் அதற்கு வெட்டலாம். இல்லையென்றால் சிலிண்டருக்குள் லைனர் (புது உறை) போட்டு ஸ்டாண்டர்ட் அளவுக்குத் திரும்பலாம், அதுவே நல்லது. கழற்றிய பழைய பிஸ்டனைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடவில்லையே? பழசை ஒருபோதும் போடாதீர்கள், அளவு சொல்ல அதுதான் சாட்சி.

சாரல் காலத்தில் லாம்பி ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆவதே இல்லை. கார்புரேட்டர் கிண்ணத்தில் தண்ணீர் நிற்கிறது. (செங்கோட்டை)

இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஓரளவுக்கு மேல் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் கிண்ணத்தைக் காலி செய்யுங்கள், டேங்க்கை நிறைத்து வையுங்கள். பழைய ரப்பர் குழாயை எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுங்கள். கலவை மெலிவதால் மெயின் ஜெட் ஒரு எண் கூட்ட வேண்டியிருக்கும். ப்ளக் வெளுத்திருந்தால் அது அடையாளம். ஆக்ஸிலேட்டர் கொடுக்காமலே வேகம் ஏறுகிறது என்றால் ஜெட்டைத் தொடாதீர்கள், மேக்னெட் பக்க ஆயில் சீல் போயிருக்கும்.

தேரி மணல் பக்கம் ஓட்டுகிறோம். ஏர் ஃபில்டர் இல்லாமல் ஓடினால் இழுவை கூடுகிறதே? (திசையன்விளை)

ஒரு ஆடிக் காற்று போதும், போர் போய்விடும். ஃபில்டரைப் போடுங்கள்.

எஞ்சினின் பித்தளைப் பெயர்ப் பலகை கறுத்துவிட்டது. புளி போட்டு விளக்கலாமா? (நாங்குநேரி)

குத்துவிளக்குக்குப் புளி சரி, இதற்கு வேண்டாம். எழுத்துப் பள்ளத்தில் இருக்கும் கறுப்புப் பெயின்ட் தேய்க்கும்போது உரிந்து வந்துவிடலாம். உப்புத்தாளும் வேண்டாம், குத்திய வரிசை எண் மழுங்கும். மிதமான சோப்பு நீர், மென்மையான பல் பிரஷ், பிறகு ஒரு சொட்டு மெஷின் ஆயில். எஞ்சினுக்குப் பெயின்ட் அடிக்குமுன் பலகையைக் கழற்றி வையுங்கள். ரிவிட் தலையைத் துளையிட்டு எடுங்கள், உளியால் நெம்பாதீர்கள்.