கோதுமையில் மாவுச்சத்து, புரதம் இரண்டையும் ஒரே ரகத்தில் கூட்ட முடியாதா?

ஓரளவுக்குத்தான் முடியும். கடலூரில் கோதுமை விளையாது, நம்மூர் மார்கழிக் குளிர் அதற்குப் பற்றாது. ஆனால் அப்பா முதுநகரில் பரோட்டா கடை வைத்திருந்தார், நான் சிதம்பரத்தில் வேளாண்மை படித்தேன். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

ஒரு கைப்பிடி மைதாவைப் பிசைந்து, அரை மணி நேரம் ஊறவிட்டுத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். பால் மாதிரி வடிவது மாவுச்சத்து. கடைசியில் கையில் மிஞ்சுகிற, ரப்பர் போல இழுபடும் உருண்டைதான் குளூட்டன் என்கிற புரதம். 1745லேயே பெக்காரி என்ற இத்தாலியர் இதை எழுதிவைத்துவிட்டார். அல்வா கிண்டுபவருக்கு அந்தப் பால் வேண்டும், வீச்சு பரோட்டா போடுபவருக்கு அந்த உருண்டை வேண்டும்.

மணியில் மாவுச்சத்து சுமார் 60–70 சதவீதம், புரதம் 8–15. ஒன்றின் பங்கு ஏறினால் இன்னொன்றின் பங்கு இறங்கத்தானே செய்யும்? அதோடு இரண்டும் மணிக்கு வருகிற வழியே வேறு. மாவுச்சத்து பெரும்பாலும் பூத்த பிறகு பச்சை இலை அன்றாடம் செய்து அனுப்பும் சர்க்கரையில் இருந்து வருகிறது. புரதத்துக்கு வேண்டிய நைட்ரஜன் முன்பே இலையில் சேர்ந்திருப்பது. இலை பழுக்கும்போது கழன்று மணிக்குப் போகிறது. பால் பிடிக்கும் நேரத்தில் வெயில் ஏறினால் மாவுச்சத்துதான் அதிகம் அடிபடும். மணி சுருங்கும், புரத சதவீதம் மட்டும் உயர்ந்து நிற்கும். காய்ச்சலில் இளைத்த பையனைப் பார்த்து 'தலை பெரிசாயிடுச்சே' என்பார்களே, அந்தக் கதை.

காட்டு எம்மர் கோதுமையில் இருந்து 2006இல் ஜிபிசி-பி1 என்ற மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அது இலையைச் சீக்கிரம் பழுக்கவைத்து, நைட்ரஜனோடு இரும்பு, துத்தநாகத்தையும் மணிக்குத் தள்ளுகிறது. நல்ல சரக்குதான். ஆனால் இலை சீக்கிரம் பழுத்தால் சர்க்கரை வரும் நாளும் குறையும், சில சூழலில் மணி சிறுத்துப்போகிறது.

அதனால் புது ரகம் உருவாக்குகிறவர்கள் அளவைக் கூட்டுவதோடு நிற்பதில்லை, தன்மையையும் மாற்றுகிறார்கள். சாதாரணக் கோதுமை மாவுச்சத்தில் கால்வாசி, அமைலோஸ் என்ற அதிகம் கிளைக்காத நீளச் சங்கிலி வகை. அதை உண்டாக்கும் மூன்று மரபணுக்களும் வேலை செய்யாத கோதுமையை 1990களில் ஜப்பானில் வெறும் கலப்பினாலேயே உருவாக்கினார்கள். அந்த மாவு கவுனி அரிசி போல ஒட்டும். நேர்மாறாக, அமைலோஸ் கூடிய கோதுமையும் உண்டு. அது மெதுவாகச் செரிக்கும்.

புரதத்திலும் அப்படித்தான். குளூட்டனில் இரண்டு வகைப் புரதம்: கிளையடின் மாவை நீள விடும், குளூட்டெனின் திரும்ப இழுக்கும். மொத்தப் புரதம் ஒன்றாகவே இருந்தாலும் இந்த இரண்டின் விகிதம் மாறினால் மாவே வேறு. ஒருமுறை கடைக்கு மூட்டை மாறி வந்தது. வீசினால் பாதியில் கிழிந்தது, மாஸ்டர் தண்ணீரைக் குறை சொன்னார். அப்பா ஒரு துண்டை எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே இரண்டு கையாலும் மெல்ல விரித்தார். நல்ல மாவென்றால் அந்தப் பக்கம் இருக்கும் விரல் நிழலாகத் தெரியும். இது தெரிவதற்குள் கிழிந்துவிட்டது. அன்றைக்கு இட்லி மட்டும்தான்.