மூன்று கையெழுத்து

அன்புள்ள ஐயா,

படிப்பு, பள்ளிக்கூடம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். என் மகள் ஏழாம் வகுப்பு. போன வருடம் வரை எல்லாப் பாடத்திலும் நன்றாகவே இருந்தாள். இந்த வருடம் கணக்கில் மட்டும் மதிப்பெண் சரிந்துகொண்டே வருகிறது. பெற்றோர் கூட்டத்தில் கேட்டதற்கு, "வீட்டில் இன்னும் கொஞ்சம் கவனிக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் கவனிக்காமல் இல்லை. வேலை முடிந்து வந்து தினமும் நானே அவளோடு உட்காருகிறேன். இரவு பத்தரை ஆனாலும் வீட்டுப்பாடம் முடியாமல் படுக்க விட்டதில்லை. நோட்டில் எல்லாக் கணக்கும் சரியாகத்தான் இருக்கிறது. தேர்வில்தான் வருவதில்லை. அவளைக் கேட்டால் "டீச்சர் வேகமா நடத்துறாங்க" என்கிறாள்.

போன வாரம் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. மாணவர், பெற்றோர், ஆசிரியர் மூவரின் பொறுப்புகளையும் அச்சடித்து, கீழே மூன்று பேரும் கையெழுத்துப் போட இடம் விட்டிருக்கிறார்கள். என் பகுதியில் முதல் வரி: "என் பிள்ளையின் கல்வியில் முழு அக்கறை காட்டுவேன்." எனக்கு எரிச்சல்தான் வந்தது. பாடம் சொல்லித் தருவது அவர்கள் வேலை. அதற்கு நான் எதற்கு உறுதிமொழி தர வேண்டும்? மூன்று பேருக்கும் பொறுப்பு என்று சொல்லிவிட்டால் கடைசியில் யாருக்குமே பொறுப்பில்லை என்று ஆகிவிடாதா? கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு தந்தை

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் எரிச்சல் நியாயமானது. பொறுப்பு மூன்று பேருக்கும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி வைத்த இடத்தில், மதிப்பெண் குறைந்ததும் பள்ளி வீட்டைக் கைகாட்டும், வீடு பள்ளியைக் கைகாட்டும், கடைசியில் இரண்டு தரப்பும் பிள்ளையைப் பார்த்து "உனக்கே அக்கறை இல்லை" என்று முடித்துக்கொள்ளும். அந்தத் தாள் இதைத் தடுக்கப்போவதில்லை. ஆனால் "சொல்லித் தருவது அவர்கள் வேலை" என்று நீங்கள் போடும் கோடும் சரியான இடத்தில் விழவில்லை என்பது என் எண்ணம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரே வரிதான். நோட்டில் எல்லாம் சரி, தேர்வில் வருவதில்லை. இந்த ஒரு வரியிலேயே உங்கள் வீட்டில் இரவு என்ன நடக்கிறது என்று ஊகிக்க முடிகிறது. மகள் ஒரு கணக்கைப் போடுகிறாள். பாதியை ஒரு பக்கமும் மூன்றில் ஒரு பங்கை இன்னொரு பக்கமும் எழுதிக் கூட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மேலே உள்ள இரண்டு ஒன்றையும் கூட்டி 2, கீழே உள்ள 2, 3 இரண்டையும் கூட்டி 5, ஆக விடை ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறாள். நீங்கள் பார்த்தவுடன் "அப்படி இல்லைம்மா" என்கிறீர்கள். அவள் அழிக்கிறாள். நீங்கள் சொல்லச் சொல்ல 5/6 என்று எழுதுகிறாள். அடுத்த கணக்கு. மணி பத்து ஆகிவிட்டது, தூக்கம் வருகிறது, இன்னும் நான்கு பாக்கி. மறுநாள் ஆசிரியர் நோட்டைப் பார்க்கிறார். பத்துக்குப் பத்தும் சரி. டிக் போட்டு, கையெழுத்துப் போட்டு, அடுத்த நோட்டை எடுக்கிறார்.

அந்த "ஐந்தில் இரண்டு" ஒரு தடயம். ஐந்தில் இரண்டு பாதியைவிடக் குறைவு; பாதியோடு இன்னொன்றைக் கூட்டினால் பாதியைவிடக் குறைவாக வருமா என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அப்படியானால் பின்னம் என்பது அவளுக்கு மேலே ஓர் எண், கீழே ஓர் எண், அவ்வளவுதான். அது ஓர் அளவு என்ற எண்ணமே இன்னும் பிடிபடவில்லை. ஓர் ஆசிரியர் அதைப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். ஆனால் அது அவர் மேசைக்குப் போய்ச் சேரும் முன்பே அழிக்கப்பட்டுவிட்டது. கீழ் வகுப்பில் பிடிபடாமல் போன பின்னம் அங்கேயே நின்றுவிடாது. ஏழாம் வகுப்பில் விகிதத்திலும் சமன்பாட்டிலும் வந்து நிற்கும். பார்ப்பவர்களுக்கு அது "திடீரென்று கணக்கு வரவில்லை" என்று தெரியும்.

உங்கள் மகளுக்குப் பின்னத்தில்தான் சிக்கல் என்று நான் சொல்லவில்லை. அவள் விடைத்தாளை நான் பார்த்ததில்லை. சிக்கல் எதுவாக இருந்தாலும், இரவில் அது திருத்தப்பட்டுக் காலையில் மறைந்துபோகிறது என்பதுதான் நான் சொல்ல வருவது.

பெற்றோர் உட்கார்ந்து உதவுவது எப்போதும் நல்லது என்று நாம் நம்புகிறோம். ஆனால் 2015இல் எரின் மலோனி, சியான் பைலாக் முதலியோர் சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். கணக்கு என்றாலே பதற்றப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய வீடுகளில், பிள்ளைகள் அந்த ஆண்டில் கற்ற கணக்கு குறைவாக இருந்தது, கணக்கு மீதான பயமும் கூடியிருந்தது. அதே மாதிரி பதற்றப்படும் பெற்றோர், ஆனால் அவ்வளவாக உதவாதவர்கள் என்றால் அந்தப் பாதிப்பு தெரியவில்லை. நீங்கள் பதற்றப்படுபவரா என்று எனக்குத் தெரியாது. நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து, நாளை காலைக்குள் முடித்தாக வேண்டிய கணக்கை முன்னால் வைத்துக்கொண்டு, தூக்கத்தில் தலை சாயும் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் எந்த அப்பாவும் கொஞ்சம் பதற்றமாகத்தான் இருப்பார்.

சரி, ஆசிரியர் பக்கம் வருவோம். "வீட்டில் கவனிக்கணும்" என்பதை ஒரு கணக்கு ஆசிரியர் சொல்லக் கூடாது என்றே நான் நினைக்கிறேன். அதைக் கேட்டு ஒரு பெற்றோர் என்ன செய்ய முடியும்? இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார முடியும், அதைத்தான் நீங்கள் செய்தீர்கள். எந்த இடத்தில் சறுக்குகிறாள், எந்த வகைக் கணக்கில் கை நின்றுவிடுகிறது, சூத்திரம் தெரிந்தும் வாக்கியக் கணக்கைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லையா? இதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அப்பாவால் முடியாது, டியூஷன் வைத்தாலும் முதல் ஒரு மாதம் இதைக் கண்டுபிடிப்பதிலேயே போகும்.

மதிப்பெண்ணும் இந்தத் தகவலைத் தருவதில்லை. ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று ஆசிரியர்கள் மத்தியில் பிரபலம். சில மாணவர்களுக்கு விடைத்தாளில் குறிப்பு மட்டும், சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த முறை முன்னேறினார்கள், ஆர்வமும் குறையவில்லை. மதிப்பெண்ணோடு குறிப்பும் பெற்றவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. எண்ணைப் பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. வகுப்பறையில் நின்றவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்த காட்சிதான். தாளைக் கொடுத்த அடுத்த நொடி, "உனக்கு எத்தனை?" என்று பக்கத்துப் பெஞ்சில் கேட்பார்கள். ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியதை யாரும் வாசிக்க மாட்டார்கள்.

அப்புறம் உங்கள் மகள். "டீச்சர் வேகமா நடத்துறாங்க" என்பதை நான் சாக்காக எடுத்துக்கொள்ள மாட்டேன். மேரி பட் ரோவ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டு அளந்தபோது, ஆசிரியர்கள் ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று விநாடியாக்கினாலே பிள்ளைகளின் பதில் நீண்டது, "தெரியாது" குறைந்தது. ஒரு விநாடியில் கையைத் தூக்குபவர்கள் எப்போதும் அதே நான்கைந்து பேர். மற்றவர்கள் தலையாட்டக் கற்றுக்கொள்கிறார்கள். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது டீச்சர்." மொத்த வகுப்பும் ஒரே குரலில்.

ஆனாலும் அவளுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது, அதை வேறு யாரும் அவளுக்காகச் செய்ய முடியாது. "இங்கே வரைக்கும் புரிந்தது, இதற்கு மேல் புரியவில்லை" என்று விரலை வைத்துச் சொல்வது. இது பெரியவர்களுக்கே கடினம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை சொல்ல வேண்டுமென்றால், முன்பு எப்போதோ சொன்னபோது திட்டு வாங்காமல் இருந்திருக்க வேண்டும். அவள் பொறுப்பு அவளுடையது. அதைச் செய்ய அவளுக்குத் தைரியம் வரும்படி வைத்திருப்பது உங்கள் பொறுப்பும் ஆசிரியர் பொறுப்பும்.

இன்னொன்றும் அவள் செய்யலாம். நோட்டை மூடிவிட்டுத் தானாகப் போட்டுப் பார்ப்பது. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006இல் செய்த சோதனையில் மாணவர்கள் ஒரு பகுதியை இரண்டு முறை வாசித்தார்கள், இன்னொரு பகுதியை ஒரு முறை வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை வாசித்த பகுதியே அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்த பகுதியில் 56 சதவீதம் நினைவிருந்தது, மீண்டும் வாசித்த பகுதியில் 42 சதவீதம். அவர்கள் படித்தது உரைநடைப் பகுதி, கணக்கு இல்லை. ஆனாலும் அப்பா சொல்லச் சொல்ல எழுதிய கணக்கு இரவு பத்தரைக்குப் புரிந்தது போல இருந்து தேர்வு நாளில் காணாமல் போவதற்கு இதிலேயே பாதிக் காரணம் கிடைக்கும்.

ஆக, உங்கள் மூவரிடமும் அக்கறைக்குக் குறைவில்லை. மூவரும் நல்ல எண்ணத்தோடுதான் பிள்ளையின் சிக்கலை ஒருவர் கண்ணிலிருந்து ஒருவர் மறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் திருத்தி மறைக்கிறீர்கள், ஆசிரியர் பொதுவாகப் பேசி மறைக்கிறார், மகள் தலையாட்டி மறைக்கிறாள். பொறுப்பைப் பகிர்வது என்றால் என் கணக்கில் இதை நிறுத்துவதுதான். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று பிரித்துக்கொள்ள இது சொத்து இல்லை. பிள்ளை சின்னதாக இருக்கும்போது பெரியவர்கள் பங்கு மிக அதிகம். வளர வளர அது பிள்ளை கைக்குப் போக வேண்டும். ஏழாம் வகுப்பு அப்படிக் கைமாறத் தொடங்கும் வயது. ஆறு வயதுப் பிள்ளையிடமும் பதினாறு வயதுப் பிள்ளையிடமும் ஒரே வாசகத்தில் கையெழுத்து வாங்கும் பள்ளி, அந்தத் தாளை யோசித்துத் தயாரிக்கவில்லை என்றே சொல்வேன்.

அந்தத் தாளில் எனக்கு இன்னொரு பெரிய குறை தெரிகிறது. நான்காவது கையெழுத்து எங்கே? ஒரு ஆசிரியருக்கு எத்தனை வகுப்பு, ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், பெற்றோர் கூட்டத்தில் ஒருவருக்கு எத்தனை நிமிடம், இதையெல்லாம் முடிவு செய்வது நிர்வாகம். அடுத்தவரைக் கூப்பிடும் அவசரத்தில் ஆசிரியரை வைத்திருப்பதும் நிர்வாகம்தான். நூற்றுக்கணக்கான நோட்டுகளைத் திருத்துபவரிடம் ஒவ்வொரு பிள்ளைக்கும் குறிப்பு எழுதச் சொல்வது நியாயம் இல்லை, அதற்கான நேரத்தைக் கொடுத்துவிட்டுக் கேட்க வேண்டும். பள்ளி தன் கையில் இருக்கும் தகவலைக் கொடுத்தாலே எவ்வளவு மாறும் என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. ஃபிலடெல்பியாவில் டாட் ராஜர்ஸ், ஏவி ஃபெல்லர் இருவரும் 28,000க்கும் மேற்பட்ட குடும்பங்களில் ஆய்வு செய்து 2018இல் வெளியிட்டார்கள். தங்கள் பிள்ளை எத்தனை நாள் பள்ளிக்கு வரவில்லை என்பதைப் பெற்றோர் குறைவாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையான எண்ணிக்கையைக் கடிதத்தில் அனுப்பினார்கள். அடிக்கடி விடுப்பு எடுக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தது. உபதேசம் எதுவும் தேவைப்படவில்லை, சரியான தகவல் போதுமானதாக இருந்தது.

எல்லா வீட்டிலும் உட்கார ஓர் அப்பா இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரவு வேலைக்குப் போகும் பெற்றோர், படிக்க வாய்ப்பே கிடைக்காத பெற்றோர் நிறையப் பேர். "வீட்டில் கவனிக்கணும்" என்ற சொல் அவர்கள்மேல் விழும்போது இன்னும் கொடுமையானது. நான் கீழே சொல்லப்போகும் எதற்கும் கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில் தூக்கம். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் சொன்ன பரிந்துரை. பத்தரைக்கு மேல் படுக்கும் பிள்ளைக்கு அது கிடைக்கிறதா என்று எழும் நேரத்தை வைத்துப் பாருங்கள். வீட்டுப்பாடத்துக்கு ஒரு நேர வரம்பு வையுங்கள். நேரம் முடிந்ததும் நோட்டை மூடச் சொல்லுங்கள், பாதியில் நின்றாலும் சரி. நின்ற இடத்தில் அவளே "இங்கே நின்றுவிட்டேன்" என்று எழுதட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள், ஆனால் பேனாவைத் தொடாதீர்கள், விடையைச் சொல்லாதீர்கள். "இதை எப்படிப் போட்டே, எனக்குச் சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். தவறாகச் சொன்னாலும் திருத்தாமல் நோட்டிலேயே விட்டுவிடுங்கள். முதல் வாரம் உங்களுக்குக் கை பரபரக்கும்.

அடுத்து, கடைசித் தேர்வின் விடைத்தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியரைப் பாருங்கள். கூட்டத்து நாள் வேண்டாம், தனியாக நேரம் கேளுங்கள். மகளையும் அழைத்துப் போங்கள். தவறான கணக்குகளில் ஒன்றைக் காட்டி, "இதில் இவள் என்ன நினைத்து இப்படிப் போட்டிருப்பாள்?" என்று கேளுங்கள். உங்கள் கேள்வியில் குற்றச்சாட்டு இருக்க வேண்டாம். இந்தக் கேள்வியைக் கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்களின் முகமே மாறும். அவர்கள் இந்த வேலைக்கு வந்ததே இதற்காகத்தான். இதுவரை வீட்டுப்பாடத்தில் நீங்கள் எவ்வளவு உதவினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நோட்டை நம்பி அவர் தவறான முடிவுக்கு வருவார்.

கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போடுங்கள். ஆனால் அந்த "முழு அக்கறை" வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் பேனாவால் எழுதுங்கள்: "வீட்டுப்பாடத்தில் விடை சொல்லித் தர மாட்டேன். தவறுகள் அப்படியே வரும். தயவுசெய்து பார்க்கவும்." மகளின் பகுதியில் என்ன எழுதுவது என்று அவளே முடிவு செய்யட்டும். ஆசிரியரிடம் ஒரே ஒரு வரி கேட்டு வாங்குங்கள், மாதத்துக்கு ஒரு முறை எந்த வகைத் தவறு திரும்பத் திரும்ப வருகிறது என்று டைரியில் எழுதித் தருவதாக. அவருக்கு அதற்கு நேரம் இல்லையென்றால், அந்த நேரத்தை ஒதுக்கித் தரச் சொல்லித் தலைமையாசிரியருக்கு மற்றப் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு எழுதுங்கள். அந்தக் கடிதத்தின் நகலை எனக்கும் அனுப்பினால் மகிழ்வேன்.

அன்புடன்