டம்ப் வந்தது, ரோல் வரவில்லை: டேட்டாபேஸ் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கிளஸ்டரின் (ஒன்றாக வேலை செய்யும் சர்வர்களின் கூட்டம்) மெட்டாடேட்டாவை, அதாவது டேட்டாவைப் பற்றிய தகவல்களை, மீட்பது பற்றியவை. டேபிள்களை டம்ப் (ஃபைலாக எடுத்த நகல்) எடுத்துப் பத்திரப்படுத்துகிறவர்கள் யூசர் (ரோல்), உரிமை, எந்தத் துண்டு எந்த நோடில் (கிளஸ்டரில் ஒரு சர்வர்) இருக்கிறது என்ற கணக்கு எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள்.

கே: எங்கள் ஈடிசிடி-யில் (கிளஸ்டரின் அமைப்புத் தகவல்களை வைக்கும் கீ-வேல்யூ டேட்டாபேஸ்) மூன்று நோடு. ஒன்று போனாலும் ஓடுகிறது. தனியாக பேக்கப் வேண்டுமா? (அம்பத்தூர்)

வேண்டும். யாராவது ஒரு கீயைத் தவறுதலாக அழித்தால் மூன்று நோடிலும் அது உடனே அழிந்துவிடும். இரண்டு நோடு ஒன்றாக விழுந்தால் எழுதவே முடியாது. ரெப்ளிகா, அதாவது உடனுக்குடன் மாறும் நகல், பேக்கப் ஆகாது.

கே: ஈடிசிடி-யை ரீஸ்டோர் செய்ய ஒவ்வொரு நோடுக்கும் தனி ஸ்னாப்ஷாட் (ஒரு கணத்து நிலையின் நகல்) தேவையா? டேட்டா டைரக்டரியை அப்படியே காப்பி செய்தால் ஆகாதா? (சிறுசேரி)

ஒரே ஸ்னாப்ஷாட் ஃபைல்தான் மூன்றுக்கும். ஒவ்வொரு நோடிலும் அதனதன் பெயர், பியர் முகவரி (மற்ற நோடுகள் அதைத் தொடர்புகொள்ளும் முகவரி) கொடுத்து, புதிய டைரக்டரியில் ரீஸ்டோர் செய்யுங்கள். கிளஸ்டர் ஐடி புதிதாக உருவாகும் என்பதால் பழைய நோடு எதையும் இதனோடு சேர்க்க முயலாதீர்கள். ஈடிசிடி 3.5 வெர்ஷன் முதல் இந்த வேலைக்கு ஈடிசிடி-யூடிஎல் என்ற கருவி வந்துவிட்டது, 3.6-இல் ஈடிசிடி-சிடிஎல் கட்டளை வழியாக ரீஸ்டோர் செய்வதை எடுத்தேவிட்டார்கள். டைரக்டரியிலிருந்து காப்பி செய்த ஃபைலில் சரிபார்ப்பு ஹாஷ் இருக்காது, சரிபார்க்காமல்தான் ஏற்ற முடியும். அது வேண்டாம். ஈடிசிடி-யைப் பயன்படுத்துவது குபெர்னெடிஸ் (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் அமைப்பு) என்றால், அதன் ஏபிஐ சர்வர்களை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

கே: ரீஸ்டோர் ஆகவில்லை. எரர் வருகிறது. மிக அவசரம். (ஊர், பெயர் இல்லை)

எந்த டேட்டாபேஸ்? எந்த வெர்ஷன்? என்ன எரர்? இவற்றில் ஒன்றுகூட எழுதாமல் அவசரம் என்றால் யாரால் உதவ முடியும்? பேக்கப் ஃபைல் பெயரிலேயே வெர்ஷனையும் தேதியையும் எழுதி வையுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன். லாகில் முதலில் வந்த எரரை முழுதாக அனுப்புங்கள்.

கே: பிஜி-டம்ப் மூலம் எடுத்த போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைப் புதிய சர்வரில் ஏற்றியபோது 'ரோல் இல்லை' என்று வரிசையாக எரர். ஓனர், உரிமை வரிகளைத் தவிர்க்கும் ஆப்ஷன்களைப் போட்டு ஏற்றினோம். பிறகு அப்ளிகேஷனுக்கு அனுமதி கிடைக்காததால் அதன் யூசரை சூப்பர்யூசர் ஆக்கிவிட்டோம். இப்போது நன்றாக ஓடுகிறது. இப்படியே விடலாமா? (தரமணி)

விடக் கூடாது, ஒரு நாள்கூட. இந்தக் கடிதம் வேறு வேறு ஊர்களிலிருந்து எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கோபம்தான் வருகிறது. சூப்பர்யூசருக்கு எந்த உரிமைச் சோதனையும் கிடையாது. வரிசை அளவில் நீங்கள் போட்டு வைத்த பாதுகாப்பு விதிகள் அவரைக் கட்டுப்படுத்தாது. காப்பி கட்டளை வழியாக சர்வரில் உள்ள ஃபைலைப் படிக்கலாம், ஆப்பரேட்டிங் சிஸ்டம் கட்டளையையும் ஓட்டலாம். அப்ளிகேஷனில் ஒரேயொரு எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் ஓட்டை (உள்ளீட்டின் வழியாகக் கட்டளையை நுழைக்கும் வழி) இருந்தாலும், உள்ளே வருகிறவனுக்கு முழு டேட்டாபேஸும் திறந்து கிடக்கும். கிளினிக்கோ, சீட்டு கம்பெனியோ, உங்களை நம்பித் தகவல் கொடுத்தவர்களுக்கு இதுவா பதில்?

காரணம் எளிது. பிஜி-டம்ப் ஒரு டேட்டாபேஸை மட்டுமே எடுக்கும். ரோல், ரோல்களின் உறுப்பினர் தொடர்பு, பாஸ்வேர்டு ஹாஷ், டேபிள்ஸ்பேஸ் (டேட்டா ஃபைல்களின் இடம்) எல்லாம் சர்வர் முழுவதற்கும் பொதுவானவை. அவற்றை பிஜி-டம்ப்ஆல் கட்டளையின் 'குளோபல்ஸ் ஒன்லி' ஆப்ஷனில் தனியாக எடுக்க வேண்டும். சில கேபி-தான் வரும். ஏற்றும்போது அதுதான் முதலில், டம்ப் பிறகு.

பழைய சர்வர் உயிரோடு இருந்தால் இன்றே அதை எடுங்கள். இல்லையென்றால் டம்ப் ஃபைலைத் திறந்து பாருங்கள். ஏற்றும்போது மட்டும் அந்த ஆப்ஷன்களைப் போட்டிருந்தால், ஓனர், கிராண்ட் வரிகள் உள்ளேதான் இருக்கும். அதில் வரும் ரோல் பெயர்களை உருவாக்கி, புதிய பாஸ்வேர்டு கொடுத்து, காலி டேட்டாபேஸ் ஒன்றில் ஆப்ஷன் இல்லாமல் மீண்டும் ஏற்றிப் பாருங்கள். முதல் எரரிலேயே நிற்கும்படி, ஏற்றப் பயன்படுத்தும் கருவியில் (பிஎஸ்கியூஎல் அல்லது பிஜி-ரீஸ்டோர்) அமைத்துக்கொள்ளுங்கள். இயல்பாக அது எரரைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும். பிஜி-ஹெச்பிஏ (யார் எங்கிருந்து இணையலாம் என்ற விதிகள்), போஸ்ட்கிரெஸ்கியூஎல் கான்ஃப் (சர்வர் அமைப்பு) ஃபைல்களும் டம்பில் வராது, அவற்றையும் தனியாக எடுத்து வையுங்கள்.

கே: மைஎஸ்கியூஎல் டம்பில் ஸ்டோர்டு ப்ரொசீஜர்களை (டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்த நிரல்கள்) காணோம். (பெரம்பூர்)

'ரொட்டீன்ஸ்', 'ஈவென்ட்ஸ்' ஆப்ஷன்களை நீங்களே போட வேண்டும். டிரிக்கர் (டேபிள் மாறும்போது தானே ஓடும் நிரல்) மட்டும் தானாக வரும்.

கே: தினமும் கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கருவி) பேக்கப் ஓடுகிறது. சரியாக இருக்கிறதா என்று எப்படி அறிவது? (போரூர்)

ரீஸ்டோர் செய்து பாருங்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டார். அப்போதுதான் தெரிந்தது: சர்வர் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுத்த பிஜி-டம்ப் 9.2. டம்ப் எரரோடு நின்றுபோயிருக்கிறது. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேர டேட்டா போயிற்று. நடந்ததை அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். வாரம் ஒருமுறை காலி விஎம் (மெய்நிகர் கணினி) ஒன்றில் ஏற்றி, ரோல்களையும் டேபிள்களையும் எண்ணிப் பார்த்து, அப்ளிகேஷன் யூசராகவே லாகின் செய்து ஒரு குவெரி ஓட்டுங்கள்.

கே: மாங்கோடிபி-யின் ஷார்டு கிளஸ்டரில் (டேட்டாவைத் துண்டுகளாகப் பல சர்வர் குழுக்களில் பிரித்து வைப்பது) கான்ஃபிக் சர்வரை பேக்கப் எடுக்காமல் விடலாமா? (தாம்பரம்)

கூடாது. எந்தத் துண்டு எந்த ஷார்டில் என்பது அங்கேதான் இருக்கிறது. துண்டுகளை ஷார்டுகளுக்கிடையே இடம்மாற்றும் பேலன்சரை நிறுத்தி, நடந்துகொண்டிருக்கும் இடமாற்றம் முடியும்வரை காத்திருந்து, ஷார்டுகளையும் கான்ஃபிக் சர்வரையும் ஒரே நேரத்து நிலையில் எடுங்கள்.

கே: சர்வர் வேளச்சேரி அலுவலகத்தில், பேக்கப் டிஸ்க் அதே தளத்தில். போதுமா? (வேளச்சேரி)

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் பார்த்த ஊரில் இருந்துகொண்டு கேட்கிறீர்களே! ஒரு காப்பி சென்னைக்கு வெளியே, ஹைதராபாத்திலோ மும்பையிலோ இருக்கட்டும். மெட்டாடேட்டா மிகச் சிறியது. ஈடிசிடி-யின் இயல்பான வரம்பே 2 ஜிபி-தான். என்கிரிப்ட் செய்து அனுப்புங்கள், சாவியை அதே சர்வரில் வைக்காதீர்கள்.

கே: கிளிக்ஹவுஸ் டேட்டாபேஸில், ரெப்ளிகாக்களை ஒருங்கிணைக்கும் ஜூகீப்பரின் டேட்டா முழுதும் போய்விட்டது. டேபிள்கள் ரீட்-ஒன்லி ஆகிவிட்டன. டிராப் செய்து மீண்டும் உருவாக்கலாமா? (ஆவடி)

டிராப் செய்யாதீர்கள், டேட்டா இன்னும் டிஸ்கில்தான் இருக்கிறது. முதலில் அதற்கு ஒரு காப்பி எடுங்கள். பிறகு 'சிஸ்டம் ரீஸ்டார்ட் ரெப்ளிகா', அதன்பின் 'சிஸ்டம் ரீஸ்டோர் ரெப்ளிகா' கொடுத்தால் மெட்டாடேட்டா திரும்ப எழுதப்படும்.