நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்கும் பெண்

வணக்கம் சார்,

போன வாரம் டிசைன் படிக்க ஆசைப்படும் மகளோடு மேல்படிப்பு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தபோது நீங்கள் அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டீர்கள்: "நாற்காலி வரைஞ்சு காலம் முழுக்கப் பிழைக்க முடியுமா மேடம்?" அடுத்த பிள்ளை காத்திருந்த அவசரத்தில் "முடியும் சார்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பதில் போதாது என்று அன்று இரவே பட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

வட இத்தாலியில், விச்சென்சா மாவட்டத்தில் கியாம்போ என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. பளிங்குக் கல்லுக்கும் தோல் பதனிடுவதற்கும் பேர்போன பகுதி. அங்கேதான் நார்டி என்ற கம்பெனி. தோட்டத்திலும் மொட்டை மாடியிலும் நீச்சல் குளத்தின் ஓரத்திலும் போடுகிற பிளாஸ்டிக் நாற்காலி, மேசை, சாய்வு இருக்கை எல்லாம் செய்கிறார்கள். அவற்றில் பலவற்றை வடிவமைத்தவர் ரஃபாயெல்லோ கலியோட்டோ. அவரும் கியாம்போக்காரர், 1967இல் பிறந்தவர், வெனிஸ் நுண்கலைக் கல்லூரியில் படித்தவர். ஒரே டிசைனரும் ஒரே கம்பெனியும் பல வருடங்களாக, பொருளுக்கு மேல் பொருளாகச் சேர்ந்து செய்துவருகிறார்கள்.

ஏன் இவ்வளவு நாள் ஒரே ஆள்? இதற்குப் பதில் உங்கள் பட்டறையிலேயே இருக்கிறது. நீங்கள் மோல்டு, அதாவது உருகிய பிளாஸ்டிக்கை வார்க்கும் இரும்பு அச்சு, செய்கிறவர். ஒரு நாற்காலிக்கு மோல்டு வெட்ட எத்தனை லட்சம் ஆகும், டிராயிங்கில் ஒரு தப்பு இருந்தால் எத்தனை வாரம் வீணாகும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவ்வளவு பணத்தை இரும்பில் கொட்டப்போகிற முதலாளி, படம் அழகாக இருக்கிறதா என்பதோடு விடமாட்டார். வரைந்தவருக்குத் தன் மெஷின் தெரியுமா என்றும் பார்ப்பார். தெரிந்த ஒருவர் கிடைத்தால் சுலபத்தில் விடமாட்டார்.

கலியோட்டோவின் 'நெட்' நாற்காலியின் படத்தை உங்கள் மகளே காட்டுவாள், கேட்டுப் பாருங்கள். வலை மாதிரி உடம்பெங்கும் துளை. பார்க்க லேசான பொருள். ஆனால் உருகிய பிளாஸ்டிக் ஒவ்வொரு துளையையும் சுற்றி இரண்டாகப் பிரிந்து போய், அந்தப் பக்கம் மறுபடி ஒட்ட வேண்டும். ஒட்டுகிற கோட்டில் பலம் குறையும் என்று நீங்கள் சொல்வீர்கள். அப்படியும் ஒரு ஆள் உட்கார்ந்தால் தாங்க வேண்டும், வெயிலில் வெடிக்கக் கூடாது, மழைத் தண்ணீர் தேங்கக் கூடாது, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் சிக்கிக்கொள்ளக் கூடாது. இதையெல்லாம் மோல்டு வெட்டும் முன்பே யோசிக்கிறவர்தான் டிசைனர். பிறகு அதே 'நெட்' குடும்பத்தில் சாய்வு நாற்காலி வந்தது, பெஞ்சு வந்தது. 'கொமோடோ' என்ற சோபாவில் பாகங்களைப் பிரித்து வைத்து, வாங்குகிறவர் தன் இடத்துக்கு ஏற்ற மாதிரி கோத்துக்கொள்ளலாம். ஒரு தொழிற்சாலையை ஊறி ஊறித் தெரிந்துகொண்டவருக்குத்தான் அப்படித் துணிந்து அடுத்த அடி வைக்க வரும்.

அன்று என் அறையில் நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் போன் பேச வெளியே போயிருந்தீர்கள். உங்கள் மகள் தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியை எழுந்து கவிழ்த்தாள். நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சின்ன மேடு. "இங்கதான் மேடம் பிளாஸ்டிக் உள்ள போகும், அப்பா சொல்லியிருக்கார்" என்றாள். அப்புறம் பலத்துக்காக அடியில் ஓடும் வரம்பு போன்ற ரிப்புகளை விரலால் தடவி, ஒரு இடத்தில் நிறுத்தினாள். அங்கே ரிப் தடிமன் கூடியதால் மேல்பக்கம் லேசாகக் குழி விழுந்திருந்ததாம். பதினேழு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். டிசைன் படிக்கணும் என்று வரும் பிள்ளைகள் அழகான படங்களைக் கொண்டுவருவார்கள். நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்த பிள்ளை இவள் ஒருத்திதான்.

பண விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து வரைந்து தரும் டிசைனருக்கு இத்தாலியில் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது. விற்கிற ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு சிறு பங்கு ராயல்டியாக வரும். முதல் பொருள் கடைக்கு வந்து, பேர் வாங்கி, காசு திரும்ப வருவதற்கே சில வருடம் பிடிக்கும். ஆனால் பத்து வருடம் முன்பு வரைந்த நாற்காலி இன்றும் விற்றுக்கொண்டிருந்தால் அந்தக் காசு இன்றும் வரும். ஆகவே படித்து முடித்ததும் நான்கைந்து வருடம் ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்க்கட்டும். இங்கே கார், வீட்டு உபயோகப் பொருள், ஃபர்னிச்சர் என்று டிசைனரை வேலைக்கு எடுக்கும் கம்பெனிகள் உண்டு. கியாம்போ கதையை நான் சொல்வது அவளை இத்தாலிக்கு அனுப்புங்கள் என்பதற்காக இல்லை. மிலானில் பொலிடெக்னிக்கோ என்ற பல்கலைக்கழகம் இருக்கிறது, நல்ல இடம்தான், முதுகலைக்கு யோசிக்கலாம். இப்போது அந்தக் கடன் சுமை வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது இது. ஐஐடிகளில் பி.டெஸ் என்ற டிசைன் இளங்கலைப் படிப்பில் சேர யூசீட் (UCEED) என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஐஐடி பம்பாய் நடத்துகிறது. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் எழுதலாம். வழக்கமாக அக்டோபரில் விண்ணப்பம், ஜனவரியில் தேர்வு. கணினியில் ஒரு பகுதி, கையால் வரைவது ஒரு பகுதி. அகமதாபாத்தில் இருக்கும் தேசிய டிசைன் நிறுவனமான என்.ஐ.டி.க்குத் (NID) தனித் தேர்வு. அதில் இரண்டாம் கட்டத்தில் பொருளைக் கையில் கொடுத்துச் செய்யச் சொல்வார்கள், அங்கே இவள் ஜொலிப்பாள் என்று நினைக்கிறேன். இரண்டும் கைகூடாவிட்டாலும் கதவு மூடாது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு எழுதி, டிசைன் முதுகலையான எம்.டெஸ் போகலாம். கிண்டியில் இருக்கும் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டில் மோல்டு தொழில்நுட்பத்துக்கே டிப்ளமோ இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். லட்சங்களைக் கொட்டச் சொல்லும் தனியார் டிசைன் கல்லூரிகளின் விளம்பரத்தைப் பார்த்து அவசரப்பட்டு அட்வான்ஸ் கட்டிவிடாதீர்கள். சேரும் முன்பு பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். லேத்தும் மர வேலைக் கருவியும் இல்லாமல் ஏசி அறையும் கம்ப்யூட்டரும் மட்டும் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

இன்னொன்று. அம்பத்தூர் பட்டறைக்குப் பெண் பிள்ளையை எப்படிக் கூட்டிப்போவது என்று தயங்குவதாகச் சொன்னீர்கள். உங்கள் தயக்கம் புரிகிறது. ஆனால் காசு கொடுத்து எந்தக் கோச்சிங்கிலும் வாங்க முடியாதது அங்கே இருக்கிறது. காலாண்டு விடுமுறையில் ஒரு வாரம் கூட்டிப்போங்கள். மெஷினைத் தொட வேண்டாம், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுப் பக்கத்தில் நிற்கட்டும். மோல்டு திறக்கும்போது பீஸ் ஏன் ஒரு பக்கம் ஒட்டிக்கொள்கிறது, மோல்டின் சுவருக்கு ஏன் லேசான சாய்வு கொடுக்கிறீர்கள் என்று நீங்களே சொல்லிக்கொடுங்கள். வீணான பீஸ்களை எடைக்குப் போடாமல் நாலைந்து அவளிடம் கொடுங்கள். எங்கே தப்பானது என்று ஒவ்வொன்றையும் அவள் ஒரு நோட்டில் வரைந்து எழுதட்டும்.

விடுமுறை முடிந்து வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உங்களுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறேன். அந்த நோட்டை மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.